விளிம்புக்கு மட்டும்

தச்சர் ஒரு இழுப்பறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்ததுமே கண்ணாடியம்மாள் கைவேலையை நிறுத்திவிட்டாள். தெருமுனையில் வரும்போதே சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு வருகிற மனிதர், இன்றைக்கு வாயைத் திறக்காமல் வந்து அதை அவள் முன்னால் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"நீயே பாரு தங்கச்சி. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு."

பார்த்தாள். முகப்புப் பலகை தந்த நிறத்தில், குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி பளபளவென்றுதான் இருந்தது. மேல் விளிம்பில் மட்டும் நூல் பிடித்தாற்போல ஒரு சாம்பல் கோடு. மேலே அடித்த நிறம் தேய்ந்துபோய் அடிப்பூச்சான பிரைமர் எட்டிப் பார்த்தது.

"விளிம்பு வெட்டிடுச்சு," என்றாள்.

"வெட்டிடுச்சுன்னு நீ சொல்லிட்டே. அந்த வீட்டம்மா ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, இங்க பாருங்க, அங்க பாருங்கன்னு அரைமணி நேரம் என்னை நிக்க வச்சே கொன்னுட்டாங்க. 'புதுசு செய்யச் சொன்னேனா, பழசுக்குச் சாயம் அடிக்கச் சொன்னேனா'ன்னு கேக்குறாங்க. போன மாசம் அந்த ஷோகேஸ். இப்போ இது. என்னதான் ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்?"

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தது. அவள் தேய்த்த பலகையைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்று இதே தச்சர்தான் ஒரு காலத்தில் கண்ணாடியம்மாள் என்று பெயர் வைத்தார். அவள் வீட்டுக்காரருக்குப் பவுடர் என்று பெயர். காதிலும் புருவத்திலும் பெயின்ட் தூசி படிந்து, எப்போதும் யாரோ பவுடர் கொட்டிவிட்ட மாதிரியே நடமாடுவார். அவர் ஸ்ப்ரே கன் பிடித்துப் பெயின்ட் அடிப்பார், இவள் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

மரச்சாமானுக்குப் பளபளப்பு பெயின்டால் வருகிறது என்று வெளியில் நினைக்கிறார்கள். பெயின்ட் அடித்தவுடன் ஆரஞ்சுத் தோல் மாதிரி நுணுக்கமாய்க் குழிகுழியாகத்தான் இருக்கும். தண்ணீர் தொட்டுத் தொட்டு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் அந்த மேடுகளைத் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு காம்பவுண்டு என்கிற மெருகுப் பசையைப் போட்டுத் துணியால் தேய்க்க வேண்டும், கடைசியில் மெழுகு. அதாவது, அவர் போட்டதில் பாதியை இவள் எடுத்தால்தான் கண்ணாடி. எவ்வளவு எடுக்கலாம் என்பது அவர் எத்தனை பூச்சு போட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அதை வெளியிலிருந்து பார்த்து எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. "நாலு கோட்டு" என்று அவர் சொன்னால் நாலு. அந்த வாய் வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருஷமாக அவள் கையை வைத்தாள்.

டீ குடிக்கப் போயிருந்த பவுடர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். இழுப்பறையைப் பார்த்தார். தச்சரைப் பார்த்தார். அவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒரு கோட்டு விட்டுப்போயிருக்கும்ணே. மறந்திருப்பேன்."

கண்ணாடியம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தப்பை ஒத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமே இல்லாத காரியம். பெயின்ட் வழிந்தால் அதில் கலக்கிய தின்னர் சரியில்லை, தூசி விழுந்தால் எதிர்வீட்டுக்காரி பெருக்கியது தப்பு, இரண்டும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது மழை. அந்த மனிதர் இப்போது மறந்திருப்பேன் என்கிறார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

தச்சர் கிளம்பும்போது அவளை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதே தங்கச்சி. என் மச்சினன் கன் பிடிக்கப் பழகியிருக்கான். நீ தேய்க்கிறதைத் தேய். உன் கையைப் பத்தி எனக்கு ஒரு கேள்வியும் இல்ல. பவுடரை மட்டும் கொஞ்சம் உட்கார வைக்கலாமான்னு..."

"அவருகிட்ட கன்னை வாங்கிட்டா அவரு என்னண்ணே பண்ணுவாரு?"

"அதுக்காக மறந்து மறந்து அடிச்சா நான் என்ன பண்றது? பக்கத்துத் தெரு அலமாரி நாளைக்கு வருது. அதைப் பார்ப்போம். நீதான் கூட இருந்து பார்க்கப் போறே. முடியும்னா முடியும்னு சொல்லு, முடியாதுன்னா மறைக்காம சொல்லிடு. நீ சொல்றதுதான் எனக்கு."

பாரத்தை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

மத்தியானம் சோறு போடும்போது நாத்தனார் பிடித்துக்கொண்டாள். பவுடரின் தங்கை, புருஷனோடு ஒத்துவராமல் இங்கே வந்து வருஷங்களாயிற்று. அடுப்படி அவள் ராஜ்யம். அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவப் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, நான் சொன்னா என்னைத் திட்டுவீங்க. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"சும்மா இரு."

"முதல்ல கடைக்குப் போயிட்டு என்ன வாங்க வந்தேன்னு நிப்பாரு. அப்புறம் வீட்டுக்கு வழி தெரியல. கடைசியில என்னைப் பார்த்து, 'நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா'ன்னு கேட்டாரு. நான் கரண்டியோட நிக்கிறேன் அண்ணி, அவருக்குச் சோறு போட."

"சும்மா இருன்னு சொன்னேன்ல."

"அண்ணன் நேத்து அடுப்பை அணைக்காம போனாரே, அது மட்டும் சும்மாவா? உள்ளே தின்னர் டப்பா இருக்கு... ஐயோ அண்ணி! விரல்ல என்ன கொப்புளம்?"

"தின்னர் பட்டிருக்கும். நீ குழம்பை ஊத்து."

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எத்தனை கோட்டு அடிச்சீங்க என்று கேட்டால் முன்பெல்லாம் பட்டென்று சொல்வார். இப்போதெல்லாம் ஒரு கணம் விழிக்கிறார். "நாலு... ஆமா, நாலுதான்" என்கிறார். பெயின்டும் கணக்குக்கு நிற்காமல் தீர்ந்துவிடுகிறது. ஒரு கதவுக்கு அடித்ததை மறந்து அதற்கே மறுபடி அடித்துவிட்டு, இன்னொன்றை விட்டுவிடுகிறார் போல. அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படி இருக்கும்?

தன்னை ஒருநாள் பார்த்து யாரம்மா நீ என்று கேட்பாரோ என்று நினைத்ததும் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அலமாரி வந்தது. ஆளுயரத்துக்கு மேலே, இரட்டைக் கதவு, உள்ளே கழற்றி மாட்டுகிற தட்டுகள். மரத்தின் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பிரைமர் அடிக்கிறவரை ஒரு குறையும் இல்லை. நிறம் அடிக்க வேண்டிய நேரத்தில் வானம் மூடிக்கொண்டது. ஈரக்காற்றில் அடித்தால் பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி வைத்துவிட்டு, இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க."

"ம்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். தலை சுத்தல், கிறுகிறுப்பு, அந்த மாதிரி."

"உன்னைக் கட்டினதுலேருந்து இருக்கு. இப்போதான் கேக்குறியா?"

சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரிப்பை உற்று உற்றுப் பார்த்தாள், அதில் ஏதாவது குறைகிறதா என்று.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பெயின்டைக் கலக்கித் துணியில் வடிகட்டிக் கொடுப்பது எப்போதும் அவள் வேலை. நிறம் கூட்டுகிற ஸ்டெயினர் குப்பிகள் பட்டறைச் சுவர்த் தட்டில் வரிசையாக இருந்தன. முதல் பூச்சுக்கு வடிகட்டும்போது சிவப்பில் சில சொட்டு விட்டாள். அடுத்ததுக்கு நீலம். அதற்கடுத்ததுக்கு மஞ்சள். கடைசிப் பூச்சு மட்டும் சுத்தமான தந்த நிறம். இத்தனை பெயின்டில் அந்தச் சொட்டுகள் தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பிறகு ஓர் இடத்தில் சாய்வாகத் தேய்த்துப் பார்த்தால் வெங்காயத்தைச் சீவின மாதிரி ஒவ்வொரு தோலும் வளையம் வளையமாகத் தெரியும். எது விட்டுப்போயிருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். கட்டின புருஷனுக்குப் பரீட்சை வைக்கிறோமே என்று குப்பியை ஒருமுறை மூடியும் பார்த்தாள். ஆனாலும் வடிகட்டின டப்பாவை முகத்தை மாற்றாமல்தான் நீட்டினாள்.

வெயில் வந்ததும் ஆரம்பித்தார். வாயில் துணி கட்டிக்கொண்டு, கன்னைப் பலகையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழாக அவர் கையை ஓட்டும்போது அந்தப் பழைய நிதானம் அப்படியே இருந்தது. மறதிக்காரன் கையா இது என்று அவளுக்கு ஆசையாகக் கூட இருந்தது. முதல் பூச்சு முடிந்ததும் துணியை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"வாட்டர் பேப்பர் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போய் ஒரு கட்டு வாங்கிட்டு வந்துடு."

"உள்ளே ஒரு கட்டு பிரிக்காமயே இருக்கே?"

"இருக்கா?" விழித்தார். "சரி, இன்னொண்ணு இருக்கட்டும். போயிட்டு வா."

கடைக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு. முந்தின நாள் அந்தக் கட்டை வாங்கி வந்து உள்ளே வைத்ததே அவர்தான். அடுத்த பூச்சு முடிந்ததும், "தச்சர்கிட்ட கைப்பிடி எப்போ வரும்னு கேட்டுட்டு வா" என்றார். காலையில் தச்சர் அவர் முகத்துக்கு நேராக நின்று அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. போனாள். திரும்பி வந்தபோது அவர் கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின கன்னை மறுபடி கழுவுகிறாரே என்று அதையும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

கடைசிப் பூச்சு காய்ந்ததும் கேட்டாள்.

"எத்தனை கோட்டு?"

ஒரு கணம் விழித்தார். "நாலு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நாலுதான்."

நன்றாகக் காயவிட்ட பிறகு, அவர் கைப்பிடி வாங்கத் தச்சர் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, அலமாரியின் உள்தட்டு ஒன்றைக் கழற்றிப் பின்பக்கக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நாத்தனார் அடுப்படி ஜன்னலிலிருந்து என்ன அண்ணி என்றாள். ஒன்றுமில்லை என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பேப்பரை நனைத்து, தட்டின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் தேய்க்க ஆரம்பித்தாள்.

தந்த நிறம் பாலாகக் கரைந்து ஓடியது. கழுவிவிட்டுப் பார்த்தாள். நடுவில் மஞ்சள் சாயல். இன்னும் தேய்த்தாள். நீலச் சாயல் வந்தது. அதற்கும் அடியில், குழந்தை உள்ளங்கால் நிறத்தில், முதல் பூச்சின் சிவப்பு. பிறகு சாம்பல் பிரைமர். ஒன்றுகூடக் குறையவில்லை. நாலு என்று சொன்னவர் நாலு அடித்திருந்தார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கு ஒன்றுமில்லை. அவர் நன்றாக இருக்கிறார். தச்சரிடம் நிமிர்ந்து நின்று சொல்லலாம்.

வந்த வேலையை முழுசாக முடிப்போம் என்று விளிம்பையும் லேசாகத் தேய்த்துப் பார்த்தாள். கழுவிவிட்டுக் குனிந்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு சுத்தமான தந்த வளையம். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே இன்னொன்று. அவள் வடிகட்டிக் கொடுத்த எதிலும் அந்த இடத்தில் அந்த நிறம் கிடையாது.

அடித்ததை மறந்து மறுபடி அடித்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அப்படியென்றால் அடிப்பக்கத்திலும் இருக்க வேண்டுமே? திருப்பிப் பார்த்தாள். இல்லை. எதிர் விளிம்பைத் தேய்த்தாள். இருந்தது. மூலையில் இருந்தது. மறதியில் அடிக்கிற மனுஷன் விளிம்பை மட்டும் தேடித் தேடியா மறப்பார்? அதுவும் அவளைக் கடைக்கும் தச்சர் வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, தனியாக ஒரு டப்பாவில் கலக்கியா?

தேய்த்த விளிம்பை மறுபடி பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அத்தனை பூச்சையும் தாண்டி, பிரைமரையும் தாண்டி, வெறும் மரம் தெரிந்தது. லேசாகத்தான் தேய்த்தாள். அவள் அழுத்தவே இல்லை. அவளுக்குத் தெரிந்து அழுத்தவே இல்லை.

பேப்பரைக் கீழே போட்டுவிட்டு விரல் நுனிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தாள். துணி சுற்றிய விரலை உரசுவது போலத்தான் இருந்தது. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று யோசித்தாள். தெரியவில்லை. கொஞ்ச நாளாகத் தடவிப் பார்க்காமல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறோமே என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

"என்ன, வளையம் எல்லாம் சரியா இருக்கா?"

பவுடர் கைப்பிடிப் பொட்டலத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீ ஸ்டெயினர் விட்டதா? கன் பிடிக்கிறவனுக்கு நிறம் தெரியாதா? முதல் கோட்டுலயே தெரிஞ்சுபோச்சு. சரி, பரீட்சை வைக்கிறா, வைக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்போ விளிம்புல அடிச்சதும் தெரிஞ்சுபோகும்னு தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா அடிச்சீங்க?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டை எடுத்து மரம் தெரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"எனக்குச் சொல்ல வாய் வரல. ரெண்டு மூணு தடவை சொல்லிடலாம்னு கிட்ட வந்தேன். நீ உட்கார்ந்து தேய்ச்சுக்கிட்டு இருப்பே. அப்படியே திரும்பிப் போயிடுவேன். நீயே கண்டுபிடிச்சுக்கிட்டா நல்லதுன்னு பட்டுது."

"எப்போ தெரியும்?"

"அந்த ஷோகேஸுக்கு முன்னாடியே. சத்தம் மாறிப்போச்சு. நான் உள்ளே இருந்தாலும் நீ தேய்க்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும். உஸ்ஸு உஸ்ஸுன்னு போகும். இப்போ கரகரன்னு போகுது. வந்து பார்த்தா விரல் வெளுக்குற அளவுக்கு அழுத்துறே, அழுத்தினா விளிம்புதானே முதல்ல வெட்டும். உன் முகத்தைப் பார்த்தா உனக்குத் தெரியவே இல்ல."

"அதுக்கு? விளிம்புக்கு மட்டும் கூட ரெண்டு கோட்டு அடிச்சு என்னைக் காப்பாத்துனீங்களாக்கும்?"

"காப்பாத்த முடியலையே. அதையும் சேர்த்து வெட்டிட்டியே."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க தங்கச்சி உங்களை அப்பா மாதிரி ஆயிட்டீங்கன்னு அடுப்படியில உட்கார்ந்து அழறா. எனக்குத் தூக்கம் போச்சு. தச்சரு உங்ககிட்டேருந்து கன்னைப் பிடுங்குறேன்னு நிக்கிறாரு. மறதி மறதின்னு நீங்களே ஒத்து ஊதியிருக்கீங்க!"

"அவ அழட்டும், அவளுக்குப் பொழுதுபோக வேண்டாமா?"

"விளையாடாதீங்க."

"விளையாடல." அவர் தட்டைக் கீழே வைத்தார். "கன்னைப் பிடுங்கினா நான் ரெண்டு நாள் கத்திட்டு வேற வேலை பார்ப்பேன். எங்கேயாவது மூட்டை தூக்குவேன். உன் கையிலேருந்து பேப்பரைப் பிடுங்கினா நீ என்ன ஆவே? அதை யோசிச்சுத்தான் அன்னைக்கு அடுப்பையும் அணைக்காம போனேன். எனக்கும் தூக்கம் போச்சு."

நாத்தனார் ஜன்னலில் நின்று மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"டாக்டர்கிட்ட போவோம்," என்றார். "நாளைக்கே. நரம்போ என்னவோ சொல்வாங்க. ஆகிற வைத்தியத்தைப் பார்ப்போம்."

"சரியாகலைன்னா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தார்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். பட்டறைக்குள் போய், அலமாரிக் கதவு ஒன்றைக் கட்டைமேல் சாய்த்து வைத்து, புதுப் பேப்பர் ஒன்றை நனைத்தாள். பவுடர் பின்னாலேயே வந்தார்.

"இன்னைக்கு வேண்டாமே."

"தச்சர்கிட்ட நான் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரிய வேண்டாமா? கிட்ட வந்து நில்லுங்க. அழுத்தினா சொல்லுங்க. பயந்துக்கிட்டு பொய் சொல்லாதீங்க."

அவர் வந்து தோளுக்குப் பின்னால் நின்று காதைத் தாழ்த்தினார். அவள் விளிம்பில் பேப்பரை வைத்தாள்.

"அழுத்துறே."

"இப்போ?"

"இப்பவும்தான்."

கையைத் தளர்த்தினாள். "இப்போ?"

"இன்னும் லேசா."

இன்னும் தளர்த்தினாள். விரலுக்கு அடியில் பேப்பர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காற்றைத் தேய்ப்பது போல இருந்தது. பேப்பர் நழுவி விழுந்துவிட்டதோ என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"நான் தொடவே இல்லீங்க," என்றாள். "எனக்கு ஒண்ணுமே தெரியல."

உஸ்ஸு உஸ்ஸு என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"இப்போதான் சரியா இருக்கு," என்றார் அவர். "நிறுத்தாதே. இப்படியே போ."